வாசலுக்கு வரும் மாத்திரை, தட்டுக்கு வராத பருப்பு

சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஓர் அம்மா, கூலி வேலைக்குப் போகும் மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. கையில் அரிசி கார்டு. இப்படி நான்கு பேர் இருக்கும் வீட்டுக்குத் தமிழ்நாட்டில் மூன்று அரசுச் சேவைகள் கிட்டத்தில் இருக்கின்றன. மாத்திரைக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சாப்பாட்டுக்கு ரேஷன் கடை. மனசுக்கு 14416 என்ற தொலைபேசி எண்ணும் தாலுகா மருத்துவமனைக்கு வரும் மனநல மருத்துவரும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்குமே நல்ல மார்க் போடலாம். ஒரே வீட்டுக்குள் சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. அம்மாவுக்கு என்ன மாத்திரை என்பது ரேஷன் கடைக்குத் தெரியாது. மகன் சாப்பிடும் மனநல மருந்து சர்க்கரை அளக்க வருபவருக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் இந்த மூன்றையும் முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. எப்படிப் போடுவது, எங்கே அவிழ்ந்துபோகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் மாத்திரை

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண் ஒருவர், தன்னார்வலராக, பிரஷர் கருவியையும் குளுக்கோமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருகிறார். அளவு கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார். அங்கே டாக்டர் பார்த்து உறுதிசெய்து எழுதிக்கொடுத்த பிறகு மாதாமாதம் மாத்திரை வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றாநோய்ப் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது.

அந்த விருதுக்குத் தகுதியான திட்டம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலிக்காத நோய்கள். வலிக்காத நோய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க யாருக்கும் மனசு வராது. இரண்டு மாதம் வாங்குவார்கள், மூன்றாம் மாதம் விட்டுவிடுவார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாக்கு போய்விடுகிறது. மாத்திரைகளைக் கொள்முதல் செய்வது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் உருவான அந்த ஏற்பாட்டில், வாங்கும் ஒவ்வொரு தொகுதி மருந்தும் ஆய்வகச் சோதனைக்குப் பிறகே மருத்துவமனைகளுக்குப் போகிறது. ‘கவர்மெண்ட் மாத்திரை வீரியம் இல்லை’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் எந்த அட்டையில் வந்தாலும் மெட்ஃபார்மின்தான்.

கவனம் தேவைப்படுவது அளக்கும் விதத்தில். திண்ணையில் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, புடவைத் தலைப்பின் மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. கை தொங்கிக்கொண்டிருந்தால் 10 புள்ளி வரை கூடுதலாகக் காட்டும். பேசினால் இன்னொரு 10. சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் கூடும். இவை ஒன்றாகச் சேர்ந்தால், நன்றாக இருக்கும் ஒருவருக்கு இரண்டாவது மாத்திரை எழுதப்படும் நிலை வந்துவிடும். ஆகவே தன்னார்வலர் வந்தவுடன் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்காருங்கள். கால் இரண்டும் தரையில் படட்டும், ஒன்றன்மேல் ஒன்று போட வேண்டாம். கையை நெஞ்சு மட்டத்தில் ஒரு தலையணை மேல் வையுங்கள். முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் எடுக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டியதில்லை, அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பதும் அதுதான். தெருவில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் அதிகம் என்பதால்தான் அவசரம். 140க்கு 90ஐத் தாண்டினால் மறுநாள் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பயப்பட வேண்டும். 180க்கு 110ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் 108.

சர்க்கரை அளவிலும் இதே கதைதான். மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் கருவி பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிட் ஈரம் இருக்கும்போதே குத்தினாலும் அளவு பிசகும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது, கையைக் கீழே தொங்கவிட்டால் தானே வரும். கருவியில் செருகும் சோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பா திறந்தே கிடந்தால் காற்றின் ஈரம் பட்டுப் பட்டைகள் வீணாகும். கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. வீட்டில் எடுக்கும் இந்தச் சோதனை, யாருக்குச் சந்தேகம் என்று வடிகட்டத்தான். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்ற கணக்கை சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மாத்திரை கைக்கு வந்த பிறகு மூன்று இடங்களில் பிசகுகிறது. மோசமான பிசகு, ஒரே மருந்தை இரண்டு மடங்கு சாப்பிடுவது. தனியார் டாக்டர் எழுதிய கம்பெனிப் பெயர் மாத்திரையும், அரசு தரும் மாத்திரையும் பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருப்பது ஒரே கிளிமிப்ரைடு. இரண்டையும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தடாலென இறங்கும். டெண்டர் மாறும்போது அரசு மாத்திரையின் அளவும் நிறமும் மாறும். எழுத்து தெரியாத பெரியவர்கள் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருப்பார்கள். புது அட்டை வந்த அன்று பழைய அட்டையையும் புதியதையும் அருகருகே வைத்து, மருந்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் செய்யலாம்.

அடுத்தது நேரம். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். தொடக்கத்தில் சில வாரங்கள் இந்தத் தொந்தரவு இருந்து பிறகு அடங்கும். கிளிமிப்ரைடு காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு, கூழ் ஊற்றும் நாள், எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வேளையை மாற்றிக்கொள்ள வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மூன்றாவது, பக்கவிளைவைக் கண்டு தானாக நிறுத்துவது. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். ‘கிட்னி போச்சு’ என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அதே பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமல் மருந்தாக வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டுக்கும் மாற்று மருந்து சுகாதார நிலையத்திலேயே கேட்டு வாங்கலாம், சொன்னால் போதும். எனலாப்ரில் சாப்பிடுபவர்கள் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை வாங்கக் கூடாது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்த மருந்தும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்புக்கே ஆபத்து. சாதாரண உப்பையே குறைத்துப் போடுவது போதும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதையும் சேர்த்து.

திட்டத்தின் பெரிய குறை என்று எதைச் சொல்வது? பகலில் வீடு பூட்டியிருப்பவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். நூறு நாள் வேலைக்கும், மில்லுக்கும், கட்டட வேலைக்கும் போகிற நாற்பது வயதுக்காரர்களுக்குத்தான் நோய் முதலில் பிடிபட வேண்டும். ஆனால் தன்னார்வலர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள். நகரத்தில் வாடகை வீடு மாறுபவர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள். வீடு மாறினால் புதுத் தெருவின் தன்னார்வலர் யார் என்று அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, என்.சி.டி. நோட்டைக் (தொற்றாநோய் நோட்டு) காட்டி, நீங்களே போய்ப் பதிய வேண்டும். அடுத்த குறை, வாசலுக்கு மாத்திரை வரப் பழகியதும் டாக்டரைப் பார்ப்பதே நின்றுவிடுவது. சர்க்கரைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை கண் விழித்திரையைக் காட்ட வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், பாதத்தில் உணர்ச்சி பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவருக்கு பி12 குறையும். கால் மதமதப்பை ‘சர்க்கரைதான்’ என்று விட்டுவிடாமல் அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இவை எதுவும் பையில் வராது, போய்த்தான் பார்க்க வேண்டும்.

ரேஷன் கடை

சர்க்கரைக்காரரிடம் நர்சம்மா சொல்வது, ‘சோறு குறைங்க, பருப்பு காய்கறி கூட்டுங்க.’ அதே வீட்டுக்கு ரேஷன் கடை தருவது என்ன?

நான்கு பேர் இருக்கும் முன்னுரிமை கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி, இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். இதை ஆளுக்கு நாளுக்கு என்று பிரித்தால் அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்குப் பருப்பும் பயறும் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது. பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. பசியைத் தீர்ப்பதில் இந்தக் கடைக்கு இணையே கிடையாது. வருமானம் பார்த்து விலக்காமல் கார்டு கேட்டவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவைத்திருக்கும் இந்த ஏற்பாட்டால்தான் தமிழ்நாட்டின் பல வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்கிறது. புரதம் என்று வரும்போதுதான் பை காலியாக இருக்கிறது. அந்த ஒரு கிலோவும் சில மாதம் தட்டும். 2024 மே மாதப் பருப்பும் பாமாயிலும் தாமதமாகி, ஜூன் மாதம் வாங்கிக்கொள்ள அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. அரிசி வந்த அன்று ஒரு நடை, பருப்பு வந்த அன்று இன்னொரு நடை என்றால் கூலிக்காரர்கள் இரண்டாவது நடையை விட்டுவிடுவார்கள். கைரேகை விழாத முதியவர்களுக்கு அதுவே பெரிய பாடு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்கள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் வீட்டில் தகுதியானவர் இருந்து வரவில்லை என்றால் கடையிலேயே கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1967 என்ற ரேஷன் புகார் எண்ணில் சொல்லுங்கள்.

அரிசியைப் பற்றி ஒரு விஷயம். 2023 ஏப்ரல் முதல் ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியது. நூறு மணிக்கு ஒரு மணி வேறு மாதிரி இருக்கும். லேசான மஞ்சள், விளிம்பு மழுங்கல், ஊறவைத்தால் சில மணிகள் மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிவது இதைத்தான். அது அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணி. மிதப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிறு காற்றிடைவெளி. எறிந்தால் எறிவது சத்தைத்தான். ஒன்றிரண்டு தடவை மட்டும் கழுவுங்கள், மிதப்பதை வடிகட்டாதீர்கள். அளவுத் தண்ணீர் வைத்துச் சமைத்தால் நல்லது, வடித்தால் அந்தக் கஞ்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலசீமியா இருப்பவர்களும் ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும் இரும்புச்சத்து சேர்ந்த இந்த அரிசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

பருப்புப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? கொள்ளு, தட்டைப்பயறு, வேர்க்கடலை, முட்டை. 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராம் புரதத்துக்குக் குறையாது. ஒரு முட்டையில் 6. பாமாயிலும் சர்க்கரையும் வாங்குகிற காசில் ஒரு பகுதியைப் பயறு பக்கம் திருப்பினாலே அம்மாவின் தட்டில் மாற்றம் தெரியும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கும்போது ரேஷன் சர்க்கரையை ‘மலிவாகக் கிடைக்கிறதே’ என்று வாங்கி வைக்க வேண்டாம், அது பயன்பட்டேதான் தீரும். நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான், களி என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது தவறு. கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். கெட்டியாகக் களி கிண்டி, கீரைக் குழம்போடு, கைப்பிடி அளவு என்றால் சரி.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது. அங்கே விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி. விலை அன்றன்றைக்குப் பலகையில் எழுதப்பட்டிருக்கும், மொத்த விலைக்கு மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே. குறை ஒன்றுதான், நேரம். விடியற்காலையில் களைகட்டி, வேலைக்குப் போகிறவர் குளித்துக் கிளம்புவதற்குள் நல்ல கீரை முடிந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது ஆறு மணிக்குள் போய், அழுகாத காய்களான பூசணி, சுரை, கொத்தவரை, முள்ளங்கியை வாரத்துக்கும், கீரையை இரண்டு நாளைக்கும் வாங்கிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேத்திக்கு மட்டும் கொடுப்பினை. அரசுத் தொடக்கப்பள்ளி என்றால் காலை உணவும் மதியச் சத்துணவும் முட்டையும் பள்ளியிலேயே கிடைத்துவிடும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. காய்கறி சேர்ந்த சாம்பாரோடு உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகத் தட்டில் விழுகிறது. இதுவரை பார்த்தவற்றில் குறை சொல்ல மனம் வராத சேவை அது. இந்த வீட்டிலேயே சரிவிகிதமாகச் சாப்பிடுபவர் அந்தக் குழந்தைதான்.

மனசுக்கு

14416. 2022 அக்டோபரில் வந்த இலவச எண், 24 மணி நேரமும் இருக்கும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. முதலில் எடுப்பவர் ஆலோசகர். தேவைப்பட்டால் அவர் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்துக்குக் கைமாற்றி விடுவார். பெயர் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. தனக்காக மட்டுமில்லை, வீட்டில் ஒருவர் பேச மறுக்கிறார், தூங்குவதில்லை, என்ன செய்வது என்று கேட்கவும் கூப்பிடலாம். இந்தச் சேவையின் பெரிய பலமே அதுதான். முதல் அடியை நோயாளி எடுத்துவைக்க வேண்டியதில்லை.

ஏமாற்றம் எங்கே வருகிறது என்றால், போனிலேயே குணமாகிவிடும் என்று எதிர்பார்ப்பதில். அரை மணி நேரம் பேசினால் பாரம் இறங்கும், நோய் போகாது. கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது பேசினால் பாதியைச் சொல்ல முடியாது. மொட்டை மாடியோ, தெருமுனையோ, சிக்னல் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பிடும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்வது உதவும். எத்தனை நாளாக, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு குறைந்ததா, குடி உண்டா, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா. கடைசிக் கேள்வியை ஆலோசகர் நேராகவே கேட்பார். வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மிச்சமான மாத்திரைகளையும் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே, வேறொருவர் பொறுப்பில் வைத்துவிடுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது, கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

போனுக்கு அடுத்த படி தாலுகா மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் அங்கே வருவார். அந்த நாள் எது என்பதுதான் இந்தச் சேவையிலேயே மிகக் கடினமான தகவல். பலகை இருக்காது, இருந்தாலும் பழையதாக இருக்கும். 14416இலோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ கேட்டு, மருத்துவமனை ஓ.பி. கவுண்டரிலும் உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். ஒரு தடவை போய்த் திரும்பி வந்த குடும்பம் அடுத்த தடவை கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்விடும். அங்கே போவதைத் தடுக்கவும் வேண்டியதில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகள் விடுதியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. அந்த ஊர் தர்காவில் இன்று துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், அரசு மனநல மருத்துவர் மூலம் கிடைக்கிறது. நம்பிக்கையை விடச் சொல்லாமல் மருந்தைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது சரியான வழி.

மருந்து விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியவை. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெட்டின் முதல் வாரம் குமட்டும், தூக்கம் கெடும். காலையில் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாங்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துவதுதான் பரவலான தவறு. சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். மனச்சிதைவுக்குத் தரும் ரிஸ்பெரிடோனால் உடம்பு விறைத்து, எச்சில் ஒழுகினால் அளவைக் குறைக்கவோ, கூட ஒரு மாத்திரை சேர்க்கவோ முடியும். மனநிலை ஏறி இறங்குவதற்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர் சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது, லித்தியம் ரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் நேராக மருத்துவமனை.

மனச்சிதைவுக்குத் தரும் இன்னொரு மருந்தான ஒலான்சபின் சாப்பிடுபவருக்குப் பசி அதிகமாகும், எடை கூடும், சர்க்கரை ஏறும். மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் எடையும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். பார்க்கக் கருவியோடு ஒருவர் அந்தத் தெருவுக்கே வருகிறார்! ஆனால் அவர் கையில் இருக்கும் பட்டியலில் இந்த மகன் பெயர் இல்லை, ஏனென்றால் மனநலச் சீட்டு வேறு, என்.சி.டி. நோட்டு வேறு. மறுபக்கமும் அப்படித்தான். சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் சேர்ந்தவர் மாத்திரையை விட்டுவிடுவார், நடக்க மாட்டார், அளவு ஏறிக்கொண்டே போகும், டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைப் பிரஷர் எடுத்துவிட்டுக் கேட்டால் போதும், ஒரு நிமிடம் ஆகாது. அரசு இதைத் தன்னார்வலரின் படிவத்தில் சேர்க்க வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது இது. மனநல மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து என்.சி.டி. நோட்டின் உள் அட்டையில் ஒட்டிவையுங்கள். மகனுக்குத் தனி நோட்டு இல்லையென்றால் 40 பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் எல்லா மாத்திரைகளின் பெயர், மி.கி. அளவு, வேளை, தொடங்கிய தேதி. இரண்டாம் பக்கத்தில் மாதம் ஒரு வரியாக எடை, பிரஷர், சர்க்கரை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர் வரும் அன்று, ‘அக்கா, இவனுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க’ என்று அந்த நோட்டை நீட்டுங்கள். பகலில் அவன் வேலைக்குப் போய்விட்டால், மருந்து தரும் தேதியை முன்கூட்டியே கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கோ காலை எட்டு மணிக்கு முன்னாலோ மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். அவரும் அதே தெருக்காரர், முடிந்தால் வந்துவிடுவார்.